மோகன் அண்ணாவுக்கு நான் எடுத்துக் கொடுத்த இரட்டைக்குழல்

ஓய்வு பெற்றுவிட்டேன் என்று நான் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். வயது முப்பத்து நான்கு, சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் சொல்வது உண்மை. ஆக்லாந்தில் கிளென்ஃபீல்ட் பக்கத்தில் ஒரு துப்பாக்கிக் கடையில், முன்பக்கம் விற்பனையும் பின்பக்கம் பழுதுபார்ப்புமாக என் இருபதுகள் போயின. பழுதுபார்த்ததைச் சுட்டுப் பார்த்த பிறகுதான் திருப்பித் தர வேண்டும். வலது தோளில் வைத்துச் சுடுகிறவர்களுக்கு இடது காதுதான் சத்தத்தை வாங்கும். காதடைப்பான் போட்டும் என் இடது காது மெல்ல மெல்லப் போனது. காது டாக்டர் ஒருநாள் திரையில் சரிந்துகொண்டே போகும் ஒரு கோட்டைக் காட்டி, "இந்த வேலை இனி வேண்டாம்" என்றார். இப்போது லிஃப்ட் வடிவமைக்கும் அலுவலகம் ஒன்றில் இருக்கிறேன். லிஃப்ட் மேலே போகும், கீழே வரும். அவ்வளவுதான்.

இதை எழுதக் காரணம் எங்கள் வேட்டைக் குழுவில் உள்ள தம்பி தங்கச்சிகள். நாட்டில் உள்ள துப்பாக்கி ஒவ்வொன்றும் இப்போது பதிவேட்டில் ஏற வேண்டும். அதனால் அலமாரிகளில் படுத்துக் கிடந்த பழைய இரட்டைக்குழல்கள் வெளியே வருகின்றன. பதிவு செய்யும் தொல்லை எதற்கு என்று நினைப்பவர்கள் விற்கிறார்கள். புதிதாக லைசன்ஸ் எடுத்த நம் பிள்ளைகள் வாங்கப் பார்க்கிறார்கள். "அக்கா, படம் அனுப்புறன், நல்லதோ எண்டு சொல்லுங்கோ" என்று தகனினிப் பக்கமிருந்து ஒருவன். "அக்கா, நூறு வருஷப் பழசாம், வாங்கலாமா?" என்று இன்னொருத்தி. படத்தைப் பார்த்து நான் என்ன சொல்ல? படத்தில் எல்லாத் துப்பாக்கியும் அழகாகத்தான் இருக்கும்.

அவர்களுடைய ஆசை எனக்குப் புரிகிறது. ஃபெசன்ட், காடை என்று மேட்டுப் புல்வெளிப் பறவைகளுக்குப் போகிறவர் காலையிலிருந்து மாலை வரை நடக்க வேண்டும். பறவை காலடியிலிருந்து சடாரென்று எழும்பும். இரண்டு வெடிக்கு மேல் நேரம் கிடைக்காது. கனமான புதுத் துப்பாக்கியைத் தூக்கி அலைவதைவிட, பக்கத்துக்குப் பக்கம் இரண்டு குழல் வைத்த பழைய ஆங்கிலத் துப்பாக்கி எத்தனையோ மேல். கையில் எடுத்தால் உயிருள்ளதுபோல் அசையும். எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துத்தான் மெக்கானிக்கல் படிப்பை முடித்த கையோடு கடைக்குப் போய் வேலை கேட்டேன். அம்மா யாழ்ப்பாணத்தில் சண்டைக் காலத்தைக் கண்டவர்.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாடு விட்டு வந்தனாங்கள். நீ தேடிப் போய் அதைத் துடைக்கப் போறாய் என்ன? உனக்கு விசரே?" என்றார்.

"அம்மா, இது பறவைக்கு."

"எங்களுக்கு மேலால போனதெல்லாம் என்ன, பறவையே?"

ஆனாலும் போனேன். முதல் வருடம் எண்ணெய், துணி, திருகாணி. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது கடைக்காரர் க்ரெய்க்கைப் பற்றி. நாற்பதுகளின் கடைசியில் இருந்தார், ஒல்லி, கையை மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டே பேசுவார். விற்கிற பொருளின் குறைகளை முதலில் சொல்வார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார். நிறைகளைச் சொல்லவே மாட்டார். "அப்படியானால் இது நல்ல துப்பாக்கியா?" என்று வாடிக்கையாளர் திணறிப்போய்க் கேட்டால், "இதுதான் இந்தத் துப்பாக்கி" என்பார். அதற்கு மேல் கேட்காததைச் சொல்ல மாட்டார். கேட்டதற்குப் பொய் சொல்ல மாட்டார். இந்தக் குணம் ஒரு துப்பாக்கிக்காரரிடம் இருப்பது நல்லது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அந்தக் கடைக்கு ஒரு சனிக்கிழமை மோகன் அண்ணா வந்தார். ஈப்போவிலிருந்து வந்து ஊரின் மறுகோடியில் பிளாட் புஷ்ஷில் வீடு கட்டிக் குடியிருந்த, பேச்சில் 'லா' ஒட்டிக்கொள்ளும் மலேசியத் தமிழர். விமானங்கள் பழுதுபார்க்கும் வேலை. கூட வேலை செய்யும் நீல் என்பவரின் தம்பிக்கு வைகாட்டோவில் பண்ணை. அங்கே நாய்களோடு நடந்து நடந்து மோகன் அண்ணாவுக்கும் ஆசை வந்துவிட்டது. புது லைசன்ஸ் அட்டையை மேசையில் வைத்தார். நான் தமிழ் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"தங்கச்சி, இந்த அட்டை எப்படி வந்துச்சு தெரியுமா? லைசன்ஸ்காரன் வீட்டுக்கு வந்து, என்னைய வெளிய அனுப்பிட்டு, எங்க வீட்டுக்காரிகிட்ட தனியாக் கேட்டான். இவர்கிட்ட துப்பாக்கி இருந்தா உங்களுக்குப் பயமான்னு."

"அக்கா என்ன சொன்னவ?"

"பயம் இல்லன்னு சொல்லிட்டா லா! அவன் போன பொறவு என்கிட்ட சொன்னா, 'பயம்தான். வருசா வருசம் ஆயுத பூஜைல வச்சுச் சாமி கும்பிட்டாத்தான் அது வீட்டுக்குள்ள இருக்கணும்'னு. சரின்னுட்டேன். நல்ல டீல்தானே?"

நானும் சிரித்தேன். நல்ல ஒப்பந்தமாகத்தான் தோன்றியது.

அவருக்கு நூறு வயதைத் தொட்ட ஒரு பர்மிங்ஹாம் துப்பாக்கியை எடுத்து வந்தேன். குழுவில் கேட்பவர்களுக்காக அன்று க்ரெய்க் அதைப் பார்த்த விதத்தை அப்படியே சொல்கிறேன்.

முதலில் மடித்துத் திறந்து இரண்டு அறையும் காலி என்று பார்த்தார். நான் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். என் கையிலிருந்து வாங்கினாலும் அவர் மறுபடி பார்ப்பார். பிறகு குழலுக்குக் கீழே கை பிடிக்கும் மரத்துண்டைக் கழற்றிவிட்டு, துப்பாக்கியை மூடி, காதருகில் வைத்து மெல்ல ஆட்டினார். பூட்டு தளர்ந்திருந்தால் அப்போது கடகடக்கும். அந்த மரத்துண்டு இருக்கும்வரை தளர்ச்சியை மறைத்துவிடும். வாங்குகிறவர்கள் பாதிப் பேர் ஏமாறுவது அங்கேதான். பிறகு குழல்களைத் தனியாக எடுத்து ஒரு விரலில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டினார். இரண்டு குழலையும் சேர்த்து ஒட்டியிருக்கும் பட்டி எங்காவது விட்டிருந்தால் தகரச் சத்தம் வரும். இது கணீரென்றது. குழலுக்குள் பார்க்க விளக்கை நம்ப மாட்டார். ஜன்னல் பக்கம் நீட்டி வானத்தைப் பார்ப்பார். உள்ளே வட்ட வட்டமாக நிழல் விழும். எங்காவது வட்டம் நெளிந்தால் குழல் அங்கே வீங்கியிருக்கிறது. தோட்டா வைக்கும் அறையின் நீளத்தை அளந்தார். பழைய துப்பாக்கிகளில் அறை குட்டை. இன்றைய நீளத் தோட்டாவும் உள்ளே போய்விடும், அதனால்தான் ஆபத்து. வெடிக்கும்போது அதன் வாய் விரிய இடமிருக்காது. கடைசியாக, குழலின் சுவர் எத்தனை தடிப்பு என்று அளக்கும் நீண்ட கருவி. அதை நுனியிலிருந்து அடிவரை, மெதுவாக, நாலு பக்கமும் திருப்பித் திருப்பி ஓட்டினார்.

பிறகு மோகன் அண்ணாவிடம் குறைகளைச் சொன்னார். குட்டை அறை, அதற்கான தோட்டா மட்டும். தோட்டாவுக்குள் ஈய ரவை மட்டும், ஸ்டீல் ரவை ஆகவே ஆகாது. மரத்தில் பழைய விரிசல் ஒன்று, ஒட்டியிருக்கிறது. குழலின் நடுப்பகுதியில் சுவர் கொஞ்சம் ஒல்லி. போதுமானது, ஆனால் அதிகப்படி ஒன்றுமில்லை.

மோகன் அண்ணா என்னைப் பார்த்தார். "என்னம்மா இவரு, விக்கிறாரா இல்ல வெரட்டுறாரா?"

கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைக்கச் சொன்னேன். கண் திறந்தபோது குழல் நேராகச் சுவரிலிருந்த குறியைப் பார்த்து நின்றது. யாரோ அவருக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல. அப்படி ஒரு பொருத்தம் அபூர்வமாகத்தான் அமையும்.

"தங்கச்சி," என்றார், குரல் மாறியிருந்தது. "இதுதாம்மா."

அன்று அந்தத் துப்பாக்கியிடம் நாங்கள் கேட்காத கேள்வி இல்லை. அது போய்ச் சேரப்போகும் வீட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்கும் வழக்கம் எங்கள் தொழிலில் இல்லை.

மோகன் அண்ணாவைப் போல் துப்பாக்கியைப் பேணி வைத்திருந்தவர் கிடையாது. விமானக்காரர் அல்லவா? சுட்ட அன்றே கழற்றி, துடைத்து, எண்ணெய் தடவி, அதற்கென்று வாங்கிய இரும்புப் பெட்டியில் வைப்பார். ஒவ்வொரு மே மாதமும் சீசன் திறந்த அடுத்த வாரம் கடைக்கு ஒரு ஃபெசன்ட் பிரட்டல் வரும். க்ரெய்க்குக்கு மிளகாய் குறைத்து ஒரு டப்பா, எனக்குக் குறைக்காமல் ஒரு டப்பா. அவர் மனைவி சாந்தி அக்கா சமைத்தது. அவரை நான் நேரில் பார்த்ததில்லை. டப்பா கடையில் திருகாணி போட உதவும்; மூடியை மட்டும் கழுவித் திருப்பி அனுப்புவேன்.

சாந்தி அக்காவை முதலில் பார்த்தது சில வருடம் கழித்து ஒரு ஏப்ரலில். சீசனுக்கு முன் ஒருமுறை பார்த்துத் தரச் சொல்லி மோகன் அண்ணா துப்பாக்கியைக் கொண்டுவந்தார். பக்கத்து மாலுக்குப் போக வேண்டும் என்று அக்காவும் கூடவே வந்திருந்தார். உயரமான, வேகமாகப் பேசும் மனுஷி.

"நீதான் மூடி மட்டும் அனுப்புற பொண்ணா? டப்பா எங்கம்மா?"

"கடையில இருக்கு அக்கா, நிறைய!"

"அதான் எங்க வீட்ல மூடிக்கு ஏத்த டப்பா இல்ல!"

சிரித்துக்கொண்டிருக்கும்போதே க்ரெய்க் குழலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். திருப்பியவர் நிறுத்தினார். குழல்களின் மேல், நடுப்பகுதியில், குறுக்காக மூன்று கோடுகள். கறுப்பு மெருகு அங்கே வெளுத்திருந்தது. நகத்தால் தடவினால் சொரசொரப்பு. துரு அரித்ததை யாரோ கம்பிப்பஞ்சால் தேய்த்துத் தேய்த்து நிரவியிருந்தார்கள். க்ரெய்க் தடிப்புக் கருவியை எடுத்து ஓட்டினார். அடியில் சரி. நுனியில் சரி. கோடுகள் இருந்த இடத்தில் முள் கீழே இறங்கியது. மறுபடி ஓட்டினார். மறுபடி இறங்கியது. அந்த இடத்தில் சுவர் ஏற்கெனவே ஒல்லி. இப்போது அரை மில்லிமீட்டர்கூட மிஞ்சவில்லை. அதற்குக் கீழே போனால் எங்கள் கடை எந்தத் துப்பாக்கியையும் சுட விடுவதில்லை. சுடும்போது குழல் கிழிந்தால், அதைப் பிடித்திருக்கும் இடது கை அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

"எதில் வைக்கிறீர்கள்? கவ்வி ஏதாவது? ஈரமான வார்?" என்று கேட்டார் க்ரெய்க்.

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தமிழர் வீட்டில் பிறந்த எவருக்கும் தெரியும். தண்ணீரில் குழைத்த திருநீற்றைத் தொட்டு மூன்று விரலால் இழுத்த பட்டை. சாம்பலின் ஈரம் இரும்பில் ஒட்டி, ஆக்லாந்து வெக்கையில், மூடிய பெட்டிக்குள் மாதக்கணக்கில் இருந்திருக்கிறது. மற்ற இடமெல்லாம் பளபளவென்று எண்ணெய் போட்டவர் அதை மட்டும் துடைக்கவில்லை. திருநீற்றை எப்படித் துடைப்பது? அது தானாக உதிர வேண்டும். ஆயுத பூஜையிலிருந்து அடுத்த ஏப்ரல்வரை உதிராமல் இருந்திருக்கிறது, வருடா வருடம்; சீசனுக்கு முன் துருவை மட்டும் அவரே தேய்த்து எடுத்திருக்கிறார்.

மோகன் அண்ணா என்னைப் பார்த்தார். கண்ணாலேயே, வேண்டாம் என்றார்.

"நான்தாம்மா ஒழுங்காத் தொடைக்கல," என்றார் சத்தமாக. "நடுவுல விட்டுப்போச்சு."

"அதானே!" என்றார் சாந்தி அக்கா. "ஊரான் பிளேன மாஞ்சு மாஞ்சு தொடைப்பாரு. வீட்ல ஒரு தட்டத் தொடைக்க மாட்டாரு."

விமானத்தில் ஒரு திருகாணியைக்கூட இரண்டுமுறை சரிபார்க்கும் மனிதர். அந்தப் பழியை அப்படியே ஏற்றுக்கொண்டு தலையாட்டினார். நான் வாயை மூடிக்கொண்டேன். அது அத்தோடு முடிந்திருக்கும்.

சாந்தி அக்கா எட்டிப் பார்த்தார். "எங்க, எந்த எடம்?" குனிந்தார். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. பிறகு வலது கையை நீட்டி நடு மூன்று விரல்களையும் கோடுகளின்மேல் வைத்தார். விரலுக்குக் கோடு, கோட்டுக்கு விரல். அளவு சரியாக இருந்தது.

விரல்களை எடுக்காமலே க்ரெய்க்கிடம் ஆங்கிலத்தில் கேட்டார். "சாம்பலைத் தண்ணீரில் குழைத்துப் பூசினால் இப்படி ஆகுமா?"

"சாந்தி, அதெல்லாம் இல்ல—" என்று மோகன் அண்ணா தொடங்கினார்.

"அவர்கிட்ட கேக்குறேன்."

க்ரெய்க் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். கைகள் மேலங்கிப் பைக்குள் போயின.

"ஆகும்," என்றார்.

"இதோடு சுடலாமா?"

"கூடாது."

குழல் மாற்றுவதென்றால் துப்பாக்கி கப்பலேறி இங்கிலாந்து போக வேண்டும். செலவு துப்பாக்கியின் விலையைப்போலப் பல மடங்கு. அதையும் க்ரெய்க் கேட்ட பிறகுதான் சொன்னார். விசையைச் சுற்றியுள்ள வளையத்தில், சுடக்கூடாது என்பதற்கான சிவப்பு அட்டையைக் கட்டினார். மோகன் அண்ணா துப்பாக்கியைப் பெட்டியில் வைத்து மூடினார். "பரவால்லலா, பழைய சாமான்தானே," என்று ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா மாலுக்குப் போகவில்லை, கார் நேரே மோட்டார்வே பக்கம் திரும்பியது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "தெரியாது என்று சொல்லியிருக்கலாமே?" என்று க்ரெய்க்கிடம் கேட்டேன்.

"அந்த அம்மா கேட்டார்."

"சில கேள்விக்கு..."

"அவர் அடுத்த துப்பாக்கிக்கும் அதையே செய்வார், மயூரி. அது கிழியும்போது பிடித்திருப்பது யாருடைய கை?"

அவர் சொன்னது சரி. சரியாக இருந்தும் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அந்த மே மாதம் மோகன் அண்ணா துப்பாக்கி இல்லாமலே பண்ணைக்குப் போனார் என்று நீல் சொன்னார். நாய்களோடு நடந்து, புதரைத் தட்டிப் பறவையை எழுப்பிக் கொடுத்தாராம். பிரட்டல் வரவில்லை.

இங்கே வசந்தமான அக்டோபரில், ஆயுத பூஜையெல்லாம் முடிந்த பிறகு, சாந்தி அக்கா தனியாகக் கடைக்கு வந்தார். பிளாட் புஷ்ஷிலிருந்து துறைமுகப் பாலம் தாண்டித் தனியாகக் கார் ஓட்டி வந்தது அதுதான் முதல் தடவை என்றார்.

"அவருக்குத் தோதா ஒன்னு பாரும்மா. பழசாத்தான் வேணும். புதுசு குடுத்தா, நல்லாருக்குன்னு சொல்லி மூலைல வச்சிருவாரு."

லைசன்ஸ் இல்லாதவர் வாங்க முடியாது. நாங்கள் பக்கத்தில் நின்றால் தொட்டுப் பார்க்கலாம். துப்பாக்கிக்குப் பயந்தவர் அன்று ஒவ்வொன்றாகக் கையில் வாங்கினார். எது எதற்கு என்று கேட்டார். குழலைத் தொங்கவிட்டுத் தட்டிக் காட்டினால் கண்ணை மூடிக் கேட்டார். "இன்னொருக்கா தட்டு" என்றார். "இது சரியில்ல, உள்ள என்னமோ நடுங்குது" என்று ஒன்றை ஒதுக்கினார். க்ரெய்க் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, பட்டி ஒரு அங்குலம் விட்டிருக்கிறது என்றார். கடைசியில் ஸ்காட்லாந்தில் செய்த ஒன்றில் அவர் மனம் நின்றது. தடித்த சுவர், இறுக்கமான பூட்டு. மோகன் அண்ணாவின் அளவு எனக்கு மனப்பாடம்; அதற்கும் இது பொருந்தியது.

தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். "அக்கா, பூசைக்கு வைக்கேக்க பட்டையை மரத்தில போடுங்கோ. மரத்துக்கு ஒண்டும் ஆகாது."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "சரிம்மா" என்றார். அந்தச் சிரிப்பை நான் நல்லபடியாக எடுத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை மோகன் அண்ணா வந்தார். துப்பாக்கியை வாங்கி, மடித்துப் பார்த்து, மூடி, கண்ணை மூடித் தோளில் வைத்தார். திறந்தார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. முதல் துப்பாக்கியைவிட நன்றாக அமர்ந்திருந்தது. அவருக்கும் தெரிந்தது, இறக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தார். பிறகு மடித்து, என் கையில் கொடுத்தார்.

"ரொம்ப நல்லாருக்கும்மா. வேணாம்."

"ஏன் அண்ணா? அக்கா பாத்துப் பாத்து எடுத்தவ."

"அதாம்மா." மேசை விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். "இந்த வருசம் பூஜைல அவ ஒன்னுக்கும் பட்டை போடலம்மா. காரு, தையல் மெசினு, மகளோட லேப்டாப்பு, என் டூல் பாக்ஸு, எல்லாத்தையும் எப்பவும்போல வரிசையா வச்சா. திருநீறு கொழச்சா. கைல எடுத்தா. எடுத்துட்டுத் திரும்பத் தட்டுலயே போட்டுட்டா. நீங்க போடுங்கங்கிறா. கெடுத்துருவேனாம். கல்யாணம் ஆன நாள்லருந்து அவ கைப்பட்ட ஒரு சாமானும் கெட்டதில்லம்மா. அந்தத் துப்பாக்கி ஒன்னுதான்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். தலையசைத்தார்.

"இதக் கொண்டுபோனா பக்கத்துலயே போகமாட்டா. வீட்ல இருக்கிற ஒவ்வொரு நாளும் அதயே நெனப்பா. இல்லன்னா கொஞ்ச நாள்ல மறப்பா. மறந்து, என்னைக்காச்சும் காருக்காவது பட்டை போடுவா." சிரிக்கப் பார்த்தார். "நான் நாயோட நடக்குறேன்லா. அதுவும் நல்லாத்தான் இருக்கு."

நல்லாத்தான் இருக்கு என்று சொன்னபோதும் அவர் கண் துப்பாக்கியில்தான் இருந்தது. அக்காவிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "தோளுக்குச் சேரலன்னு சொல்றேன்" என்றார். இரண்டாவது பொய். போய்விட்டார்.

க்ரெய்க் பின்னறையிலிருந்து வந்து, என் கையிலிருந்த துப்பாக்கியை வாங்கி, வழக்கம்போல் திறந்து காலி என்று பார்த்தார். "வாங்கவில்லையா? என்ன குறை கண்டார்?"

"ஒரு குறையும் இல்லை," என்றேன்.

அவர் காத்திருந்தார். எங்கள் கடையில் குறை இல்லாத துப்பாக்கி என்று ஒன்று கிடையாது. அவர் மேற்கொண்டு கேட்கவில்லை; அதைத் துடைத்து, சாந்தி அக்காவின் பெயர் எழுதிக் கட்டியிருந்த சீட்டைக் கழற்றி, மற்றவற்றோடு அடுக்கில் நிறுத்தினார்.